பேட்டரிக்குள் ஒரு பீலி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வளர்ந்த லயத்துக்கு மலை ஊற்றிலிருந்து பைப் போட்டுத்தான் தண்ணீர் வரும். துண்டு துண்டாகக் கோர்த்த பைப். ஒவ்வொரு மூட்டிலும் கசிந்து கசிந்து, கடைசியில் பீலியில், அதாவது தண்ணீர் விழும் வாயில், நூல் மாதிரித்தான் விழும். அப்புறம் மூட்டே இல்லாத நீளக் குழாய் ஒன்று போட்டார்கள். அன்று குடம் சீக்கிரமே நிறைந்தது.

கையிலுள்ள போன் பேட்டரிக்குள்ளும் இதே சிக்கல்தான். அதன் நேர்முனையில் லித்தியத்தைப் பிடித்துவைக்கும் ஒரு தூளைப் பசையாக்கி அலுமினியத் தகட்டில் பூசியிருப்பார்கள். சார்ஜ் இறங்கும்போது தூளின் ஒவ்வொரு மணிக்கும் லித்தியம் அயனும் வரவேண்டும், இலத்திரனும் வரவேண்டும். ஆனால் அந்தத் தூள் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. லித்தியம் இரும்பு பொஸ்பேற்று இதில் ரொம்ப மோசம். அதனால் மின்சாரம் கடத்தும் கரித்தூள் கலப்பார்கள். கரியும் மணி மணியானதுதான், ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில் ஒரு மூட்டு.

நீளக் குழாயின் வேலையைச் செய்வது காபன் நனோக்குழாய்; காபன் அணுக்களாலான, கண்ணுக்கே தெரியாத மெல்லிய குழாய். ஜப்பானில் சுமியோ இஜிமா இதை விவரித்து எழுதியது 1991இல். அதே ஆண்டுதான் சோனி லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கரித்தூள் நூற்றுக்குச் சில பங்கு தேவைப்படும் இடத்தில் நனோக்குழாய் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். மிச்சமாகும் இடத்தில் லித்தியத் தூளைக் கூடுதலாக வைக்கலாம்.

கஷ்டம் கலக்குவதில்தான். இந்தக் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்காகிவிடும். பால்மாவைக் கொதிநீரில் அப்படியே கொட்டினால் கட்டி தட்டுகிறதே, அதுபோல. அதற்கு நம் வீட்டில் என்ன செய்வோம்? முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக்கொள்வோம். தொழிற்சாலையிலும் குழாய்களைத் தனியாகக் கரைப்பானில் பிரித்து, ஒரு குழம்பாக்கிய பிறகே தூளோடு சேர்க்கிறார்கள். என்னைக் கேட்டால், நனோக்குழாயை வாங்குவதைவிட அதைப் பிரிப்பதுதான் பெரிய கலை.

மறைமுனையில் இருப்பது காரீயம், அதாவது பென்சிலில் வரும் கிராபைட். கிராமுக்கு 372 மில்லி அம்பியர் மணி அளவு சார்ஜ்தான் அது தாங்கும் எல்லை. சிலிக்கன் கிட்டத்தட்ட பத்து மடங்கு தாங்கும், ஆனால் லித்தியம் ஏறினால் மூன்று மடங்குக்கு மேல் ஊதி வெடிப்பு விடும். வளைந்து கொடுக்கும் நனோக்குழாய்கள் அந்தத் துண்டுகளையும் தொட்டுக்கொண்டே இருக்கும்.

போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் நம் இலங்கையிலேயே அருமையான காரீயம் கிடைக்கிறது. அதைப் பேட்டரிக்குப் பக்குவப்படுத்தும் ஆய்வுகள் கண்டி ஹந்தானை மலையிலுள்ள தேசிய ஆய்வு நிறுவனத்தில் நடந்திருக்கின்றன. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகளே, அந்த மலை உங்களுக்குத் தூரமில்லை. ஒருமுறை போய்ப் பாருங்கள்.