மேசைமேல் இருக்கும் சீசாக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸ் ஓட்டலில் சமையல்காரர் முக்கால்வாசி வேலையைத்தான் முடித்துத் தருவார். மீதியைச் சாப்பிடுகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நீக்ரோஸ் தீவில் உள்ள பகோலோட் நகரத்தில் குடும்பத்தோடு சாப்பிட்டபோதுதான் இது எனக்குப் பிடிபட்டது.

சுற்றிலும் கரும்புக்காடு. ஆனால் ஊர் பேர் வாங்கியிருப்பது ‘இனாசால்’ கோழிக்கு. வினிகர், பூண்டு, இஞ்சி, எலுமிச்சைப்புல், அப்புறம் கலமான்சி என்ற குட்டி எலுமிச்சையின் சாறு எல்லாம் சேர்த்துக் கோழியை ஊறவைத்து, மூங்கில் குச்சியில் செருகிக் கரி நெருப்பில் வாட்டுகிறார்கள். நெருப்பில் இருக்கும்போதே ஒரு ஆரஞ்சு நிற எண்ணெயைத் தடவிக்கொண்டே இருக்கிறார்கள். மிளகாய் என்று பயந்துவிடாதீர்கள், துளியும் காரமில்லை. அது அசுவேத்தே விதையின் நிறம். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது, ஸ்பானியர் காலத்தில் இங்கே வந்து சேர்ந்தது.

கோழி வருவதற்கு முன்பே மேசையில் சோயா சாஸ், மிளகாயும் பூண்டும் ஊறிய வினிகர், அந்த ஆரஞ்சு எண்ணெய், ஒரு கிண்ணத்தில் கலமான்சி, சின்ன மிளகாய் எல்லாம் தயாராக இருந்தன. தொட்டுக்கொள்வதை நாமே கலந்துகொள்ள ஆளுக்கொரு காலித் தட்டு. எது எவ்வளவு என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பக்கத்து மேசைக் குடும்பத்தில் அப்பாவின் தட்டில் வினிகர் தெளிவாக இருந்தது, பிள்ளையின் தட்டில் சோயா கறுப்பு.

என் அம்மா மூன்று தரம் கலந்து, மூன்று தரமும் முகம் சுளித்தார். நாலாவதில் மிளகாயை நசுக்கிப்போட்டு, சோயாவை அடியோடு விட்டுவிட்டார். அப்புறம் சூடான சோற்றில் அந்த எண்ணெயை நெய் மாதிரி ஊற்றிப் பிசைந்துகொண்டார். கையில் போட்டுக்கொள்ள பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். அம்மா அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டார். சோறு கேட்கக் கேட்க வந்தது. மகன் கோழியின் வால்பகுதியைத் தனியாகக் குச்சியில் வாங்கினான். அங்கே அதற்கென்றே ரசிகர்கள் உண்டு. எனக்கென்னவோ அவ்வளவு கொழுப்பு ஒத்துவரவில்லை.

என் மனைவி சைவம். அவர் பாடுதான் திண்டாட்டம். பினாக்பெட் என்று பூசணி, கத்தரி, வெண்டை, பாகற்காய் போட்ட பதார்த்தம் வந்தது. பார்க்க நம் வீட்டுக் கூட்டுதான், ஆனால் உப்புக்குப் போட்டிருப்பது ‘பகோஓங்’ என்ற இறால் விழுது. கடைசியில் பூண்டுச் சோறும் கலமான்சியும்தான் கைகொடுத்தன. சைவக்காரர்கள் போனால், காய்கறி என்று எழுதியிருந்தாலும் ‘பகோஓங்’ இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.