மதகு யார் கையில்? அமெரிக்கா – சீனா சண்டையும் நம்ம ஊர் செல்போனும்

[திரையில்: சென்னை விமான நிலையம், சரக்கு ஏற்றும் பகுதி]

2025 மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் 10-ஆம் தேதிக்குள் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு ஆறு சரக்கு விமானங்கள் போயின. விமானத்துக்கு 100 டன். அத்தனையும் ஐபோன். மொத்தம் 600 டன், ஏறக்குறைய 15 லட்சம் போன் இருக்கும் என்று ராய்ட்டர்ஸ் கணக்குப் போட்டது. சுங்கச் சோதனை முடிய வழக்கமாக 30 மணி நேரம் ஆகுமாம். அதை 6 மணி நேரமாகக் குறைத்துத் தரும்படி ஆப்பிள் கேட்டு வாங்கியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஞாயிற்றுக்கிழமைகூட வேலை நடந்தது.

[திரையில்: கும்பகோணம் பேருந்து நிலையம், இரவு]

லீவு முடிகிற நாளில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இங்கே வந்து பாருங்கள். கிளாம்பாக்கம் போகிற வண்டிக்கு முன்னால் தோள்பையும் கட்டைப்பையுமாகப் பெண்பிள்ளைகள் நிற்பார்கள். கட்டைப்பையில் முறுக்கு டப்பா, ஊறுகாய் பாட்டில். வழியனுப்ப வந்த அப்பா, “விடியக்காலையில இறங்குனதும் போன் பண்ணு பாப்பா” என்பார். கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூர், படப்பை, ஒரகடம் வழியாக ஹாஸ்டல் போய்ச் சேர்ந்து, குளித்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும். அந்த 600 டன்னில் இவர்கள் கைபட்ட போனும் இருந்திருக்கும்.

சரி, அன்றைக்கு ஏன் அவ்வளவு அவசரம்?

ஏப்ரல் 2-ஆம் தேதி டிரம்ப் உலகம் முழுக்க இறக்குமதி வரி அறிவித்தார். இந்தியாவுக்கு 26 சதவீதம். சீனாவுக்கு 34. சீனா பதில் வரி போட்டது, அவர் ஏற்றினார், அவர்களும் ஏற்றினார்கள். பத்து நாளுக்குள் சீனச் சரக்குக்கான அமெரிக்க வரி, முன்பே போட்டிருந்த 20 சதவீதத்தையும் சேர்த்து, 145-இல் போய் நின்றது. அதாவது 1,000 டாலர் சரக்கை இறக்கினால் 1,450 டாலர் வரி. நம்ம ஊர் சரக்குமேல் அந்த 26 சதவீதம் விழுவதற்கு முன்னால் அது அமெரிக்கக் கிடங்குக்குள் போய்விட வேண்டும் என்றுதான் விமானம் வைத்து அனுப்பினார்கள்.

கூத்து என்னவென்றால், ஏப்ரல் 11-ஆம் தேதி ராத்திரியே, போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் இந்தப் புது வரி கிடையாது என்று அறிவிப்பு வந்துவிட்டது. ஆனால் ஃபென்டானில் என்ற போதைமருந்து விவகாரத்தைச் சொல்லிச் சீனாமேல் போட்டிருந்த அந்தப் பழைய 20 சதவீதம் போகவில்லை. அப்போது சீனாவிலிருந்து வந்த போனுக்கு 20, இந்தியாவிலிருந்து வந்த போனுக்கு ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஆலைகள் மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. இந்த இடைவெளி அதை வேகமாகத் தள்ளிவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் – ஜூன் காலாண்டில் அமெரிக்காவுக்குப் போன ஸ்மார்ட்போன்களில் 44 சதவீதம் இந்தியாவில் பொருத்தப்பட்டவை என்கிறது கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம். முந்தைய ஆண்டு இதே காலாண்டில் அது 13 தான். சீனாவின் பங்கு 61-இலிருந்து 25-க்கு இறங்கியது.

அப்புறம் ஆகஸ்ட்டில் நம்மேலும் விழுந்தது. முதலில் 25, பிறகு ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று இன்னொரு 25. மொத்தம் 50 சதவீதம். இதிலும் போனுக்கு விலக்கு இருந்தது. இறாலுக்கு இல்லை. வேதாரண்யம், சீர்காழிப் பக்கம் வனாமி இறால் குட்டை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும், ஏனென்றால் இந்திய இறாலுக்கு அமெரிக்காதான் பெரிய சந்தை. டெல்டாவில் ஒரே வீட்டில் அப்பா இறால் குட்டை பார்த்து, மகள் போன் ஆலையில் வேலை செய்தால், வாஷிங்டனில் போட்ட ஒரே உத்தரவு அப்பாவை அடித்துவிட்டு மகளைத் தொடாமல் போயிருக்கும். போன் இல்லாமல் அமெரிக்கக் கடைகள் நடக்காது. இறால் இல்லாமல் நடக்கும். அவ்வளவுதான் விஷயம்.

[திரையில்: கல்லணை, மதகுகள்]

வரியைப் பற்றித்தான் டிவியில் பேச்சு. ஆனால் வரி இன்றைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும். இந்தச் சண்டையில் உண்மையான ஆயுதம் வேறு. டெல்டாக்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. தலைஞாயிறில் ஒருவர் எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும், மேலே ஷட்டரை இறக்கிவிட்டால் கடைமடை வயலில் பயிர் காயும். போன் தொழிலிலும் இப்படிச் சில மதகுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சாவியும் ஒவ்வொரு நாட்டிடம்.

முதலில் அமெரிக்கா கையில் இருப்பது. 2018 ஏப்ரலில் இசட்டிஇ என்ற சீன நிறுவனத்துக்கு, ஏழு வருஷத்துக்கு அமெரிக்கப் பாகம் எதுவும் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அடுத்த மாதமே அந்த நிறுவனம் முக்கிய வேலைகளை நிறுத்திவிட்டது. 100 கோடி டாலர் அபராதம் கட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

அது ஒத்திகை. 2019 மே மாதம் சீனப் போன் நிறுவனமான ஹுவாவேயைத் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். அமெரிக்க நிறுவனமான கூகுள் விலக வேண்டியதாயிற்று. அந்தச் செப்டம்பரில் வந்த மேட் 30 போனில் பிளே ஸ்டோர் இல்லை, ஜிமெயில் இல்லை, மேப்ஸ் இல்லை. சீனாவுக்குள் விற்கலாம், அங்கே எப்படியும் கூகுள் கிடையாது. ஐரோப்பாவில் யார் வாங்குவார்கள்? அப்படியும் 2020-இன் இரண்டாம் காலாண்டில் உலகிலேயே அதிகப் போன் அனுப்பிய நிறுவனம் ஹுவாவேதான். சீனச் சந்தை மட்டுமே அவ்வளவு தாங்கியது. அதற்குள் அடுத்த ஷட்டரை இறக்கிவிட்டார்கள். அமெரிக்கக் கருவியோ மென்பொருளோ பயன்படுத்தி எந்த நாட்டில் சிப் செய்தாலும், அதை ஹுவாவேக்கு விற்க அமெரிக்காவிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று விதி. உலகின் மிக நுட்பமான சிப்புகளைச் செய்வது தைவானின் டிஎஸ்எம்சி; அங்கும் அமெரிக்கக் கருவிகள் உண்டு. 2020 செப்டம்பர் 15-ஓடு வரத்து நின்றது. இரண்டு மாதத்தில் ஹுவாவே தன் ஹானர் பிராண்டை விற்றுவிட்டது. தைவான் செய்யும் சிப்பை, சீனா வாங்க முடியாமல், அமெரிக்கா தடுத்த கதை இது. இதில் வரி என்ற பேச்சே கிடையாது.

[திரையில்: மேட் 60 புரோ]

2023 ஆகஸ்ட் கடைசியில் எந்த ஆரவாரமும் இல்லாமல் ஹுவாவே மேட் 60 புரோவைக் கடைக்குக் கொண்டுவந்தது. பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே சீனாவின் எஸ்எம்ஐசி செய்த 7 நானோமீட்டர் சிப்பைக் கண்டார்கள் (இந்த எண் குறையக் குறைய நுட்பம் கூடும்). போன் கடைக்கு வந்த அன்று அமெரிக்க வர்த்தக அமைச்சர் சீனாவில்தான் இருந்தார்! டிஎஸ்எம்சி தரத்துக்கு அது சில வருஷம் பின்னால்தான். இருந்தாலும் மேலே அடைத்தால் கீழே இருப்பவர் போர்வெல் போட்டுவிடுவார் என்பது தெரிந்தது.

இதைவிட எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது ஜப்பான் – கொரியா கதை. யாரும் அதிகம் பேசுவதில்லை. 2018 அக்டோபரில் தென்கொரிய உச்ச நீதிமன்றம், ஜப்பான் ஆண்ட காலத்தில் கட்டாய வேலை வாங்கியதற்காக ஒரு ஜப்பானிய நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஜூலையில் ஜப்பான் மூன்று ரசாயனங்களைக் கொரியாவுக்கு அனுப்புவதில் கெடுபிடி போட்டது. ஒன்று, சிப் செய்கையில் அரித்துச் சுத்தம் செய்யும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு. இன்னொன்று, சிலிக்கான்மேல் வடிவம் பதிக்க உதவும் ஃபோட்டோரெசிஸ்ட். மூன்றாவது, மடிக்கும் திரைக்கான, பாலிஇமைடு என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக். பழைய தீர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பாதுகாப்புக் காரணம் என்றது ஜப்பான். கொரியாவில் யாரும் நம்பவில்லை. அன்றைக்கு உலகின் பெரிய போன் கம்பெனியான சாம்சங், மூன்றே ரசாயனத்துக்கு ஆலாய்ப் பறந்தது. கெடுபிடி முழுசாக நீங்க 2023 ஆகிவிட்டது. அதற்குள் கொரியாக்காரர்கள் ஹைட்ரஜன் ஃபுளூரைடைத் தாங்களே செய்யக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தையில் ஜப்பானுக்குத்தான் நஷ்டம்.

இனி சீனாவின் சாவி. போன் ஸ்பீக்கருக்குள்ளும், அதிரும் மோட்டாருக்குள்ளும், கேமரா ஃபோகஸ் பிடிக்கும் இடத்திலும் குட்டிக் காந்தங்கள் இருக்கின்றன. அரிய மண் உலோகங்களால் ஆனவை. வெட்டி எடுப்பது வேறு நாடுகளிலும் உண்டு; பிரித்துச் சுத்திகரித்துக் காந்தமாக்குவதில் சீனாதான் ராஜா. 2025 ஏப்ரல் 4-ஆம் தேதி, டிரம்ப் வரிக்கு இரண்டாம் நாள், டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு உலோகங்களுக்கு ஏற்றுமதி லைசென்ஸ் கட்டாயம் என்றது பெய்ஜிங். அடி போனைவிட, பெரிய காந்தம் தேவைப்படும் கார், மின்சார ஸ்கூட்டர் ஆலைகளுக்குத்தான் பலமாக விழுந்தது, இந்தியாவிலும்.

நம்மை நேராகத் தொட்டது வேறு ஒன்று. ஃபாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து 300-க்கும் மேற்பட்ட சீன இன்ஜினியர்கள் திரும்பிப் போய்விட்டதாக அந்த ஜூலையில் ப்ளூம்பெர்க் எழுதியது. புது லைனை ஓட வைப்பதும், இங்கிருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவர்கள் வேலை. ஆலைக் கட்டடம் நம்முடையது, உழைப்பு நம்முடையது. சிப் தைவானிலிருந்து வருகிறது. திரை பெரும்பாலும் கொரியாவிலிருந்து. கேமரா சென்சார் ஜப்பானின் சோனியிடமிருந்து. கருவிகளில் பல சீனாவிலிருந்து. பெட்டியில் ‘இந்தியாவில் பொருத்தப்பட்டது’ என்று சரியாகத்தான் போடுகிறார்கள்.

[திரையில்: ஒரு மொபைல் சர்வீஸ் கடை]

நாமும் ஒரு ஷட்டரை இறக்கினோம். 2020 ஜூன் 15-ஆம் தேதி கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அந்த மாதக் கடைசியில் டிக்டாக், ஷேர்இட் உட்பட 59 செயலிகளுக்குத் தடை வந்தது. சென்னைத் துறைமுகத்தில் சீனச் சரக்குகளை நிறுத்தி ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். டெல்டாவில் இருக்கும் சர்வீஸ் கடைகளுக்கு டிஸ்ப்ளே காம்போ (திரையும் டச்சும் சேர்ந்தது), பேட்டரி, சார்ஜிங் போர்டு எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பஸ் பார்சலில் வருபவை. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வருவது சீனாவின் ஷென்ஜெனிலிருந்து. ஊரடங்கும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, வீட்டில் ஒரே போன், அதில் திரை உடைந்திருக்கிறது. “ஒரிஜினல் காம்போ வர்ல அக்கா, லோக்கல் போட்டா டச் சரியா வேலை செய்யாது, பரவாயில்லையா?” கடைக்காரத் தம்பி ஹீட் மேட்டில் பழைய திரையைச் சூடேற்றிக்கொண்டே இப்படித்தான் கேட்பார். வேறு வழி? “போடுப்பா” என்பதுதான் பதில்.

சீன ஆப் போனது. சீன போன் போகவில்லை. விவோ, ஓப்போ, ரியல்மி, ஷாவ்மிதான் இன்றைக்கும் தஞ்சாவூர் கடைகளின் போர்டு முழுக்க. அவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2022-இல் ஷாவ்மியின் 5,551 கோடி ரூபாயை அமலாக்கத்துறை முடக்கியது.

‘இங்கேயே செய்யும் ஐபோன் அமெரிக்காவைவிட இங்கே ஏன் விலை கூட?’ என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி விலைக்குள்ளேயே இருக்கிறது. அங்கே விற்பனை வரியைப் பில் போடும்போது தனியாகச் சேர்ப்பார்கள். இறக்குமதியாகும் போனுக்கு இங்கே 15 சதவீதச் சுங்க வரி உண்டு, பல பாகங்களுக்கும் உண்டு. மிச்சம், கம்பெனி வைக்கும் விலை.

[திரையில்: வல்லம் வடகால் ஹாஸ்டல் கட்டடங்கள்]

இந்தச் சண்டையால் ஆதாயம் அடைந்தவர்கள் பட்டியலில் தமிழ்நாடு இருக்கிறது. 2024–25-இல் இங்கிருந்து போன மின்னணுப் பொருள் ஏற்றுமதி 1,400 கோடி டாலருக்கு மேல். ஆனால் யார் செலவில் என்றும் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சாப்பாடு கெட்டு, ஃபாக்ஸ்கான் பெண்கள் 250-க்கும் மேற்பட்டவர்களுக்கு உடம்பு முடியாமல் போனது. பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், ஆலை சில வாரம் மூடியது. அதற்குப் பிறகுதான் எல்லோர் கண்ணும் ஹாஸ்டல் பக்கம் திரும்பியது. 2024 ஆகஸ்ட்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைத் திறந்தார்கள்.

அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை, வரி வழக்கில் சிக்கி 2014 நவம்பரில் மூடியதையும் மறந்துவிட வேண்டாம். ஆயிரக்கணக்கான பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள்.

டெல்டாவிலேயே ஒரு போன் ஆலை வைத்தால் என்ன? 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அந்தச் சட்டம் தடுப்பது துத்தநாக, தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, புதிதாக எண்ணெய் – எரிவாயு எடுப்பது போன்றவற்றை. போன் ஆலை அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே வராததற்குக் காரணம் சாதாரணமானது: விமான நிலையமும் துறைமுகமும் பாகம் தருபவர்களும் எல்லாம் சென்னையைச் சுற்றி.

2025 மார்ச்சில் மத்திய அரசு 22,919 கோடி ரூபாயில் பாகங்கள் தயாரிப்புக்கென ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. திரை, கேமரா, மின்சுற்றுப் பலகை மாதிரியானவற்றை இங்கேயே செய்ய வைப்பதற்கு. தமிழ்நாடும் தன் பங்குக்கு ஒரு திட்டம் போட்டிருக்கிறது. இதில் முதலில் இங்கே வர வாய்ப்புள்ளது மின்சுற்றுப் பலகைதான் என்று நினைக்கிறேன். அதற்கான செப்புத் தகடும் ரசாயனமும் எங்கிருந்து வருகின்றன என்பதை அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.