கழுவாமல் விட்ட பாறை

அனைவருக்கும் வணக்கம். கடலில் எண்ணெய் கொட்டினால் ஓடிப்போய் நிற்கிற விஞ்ஞானிகளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஒரே ஒருவரைப் பற்றியும், அவர் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாறையைப் பற்றியும் பேசுகிறேன்.

1989 மார்ச் 24. அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறைத்திட்டில் மோதி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. அந்தக் கரைகளை ஆராய்ந்தவர்களில் ஆலன் மியர்ன்ஸ் ஒருவர். கடலையும் வானிலையையும் ஆராயும் அமெரிக்க அரசின் நோவா (NOAA) அமைப்பில் கடல் உயிரியலாளராக இருந்தவர்.

விபத்து நேரத்தில் விஞ்ஞானியைச் சுற்றி எல்லோரும் கேட்பார்கள்: எண்ணெய் எந்தப் பக்கம் போகும்? எந்தக் கரையை முதலில் காப்பாற்றுவது? கழுவுவதை எப்போது நிறுத்துவது? கடைசிக் கேள்விதான் ரொம்பக் கஷ்டம். அலாஸ்காவில் வெந்நீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சிக் கரையைக் கழுவினார்கள். எண்ணெயிலிருந்து தப்பிப் பிழைத்த, பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசும் மட்டியும் கடற்பாசியும் அந்த வெந்நீரில் செத்தன. நல்ல மனத்தோடு செய்த வேலைதான், அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

சரி, இது எப்படித் தெரிந்தது? ஒப்பிட்டுப் பார்க்கவென்றே சில இடங்களைக் கழுவாமல் விட்டிருந்தார்கள். அலாஸ்காவின் நைட் தீவில் ஸ்னக் ஹார்பர் என்ற இடத்தில் எண்ணெய் படிந்து, கழுவப்படாமல் கிடந்தது ஒரு பெரிய பாறை. மியர்ன்ஸ் 1990 முதல் கோடைதோறும் அங்கே போய், நீர் வற்றியிருக்கும்போது அதைப் படம் எடுத்தார். அதற்கு 'மியர்ன்ஸ் பாறை' என்றே பெயர் வந்துவிட்டது.

அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு வருடம் பழுப்புக் கடற்பாசி பாறை முழுக்கச் சடைசடையாகத் தொங்குகிறது. இன்னொரு வருடம் பார்த்தால் மொட்டைக் கல். அப்புறம் மறுபடி பாசி. இரண்டே படம் எடுத்திருந்தால் 'கடல் தேறிவிட்டது' என்றோ 'செத்தேவிட்டது' என்றோ சொல்லியிருப்போம், இரண்டுமே தப்பாகியிருக்கும். எண்ணெயே படாத பாறையிலும் உயிர்கள் இப்படிக் கூடும், குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணெய் செய்த கேட்டை அளக்க முடியாது.

அதற்காகக் கழுவாமல் விட்டால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சில கரைகளில் கூழாங்கற்களுக்கு அடியில் தோண்டினால், 20 ஆண்டுகள் கழித்தும் அதே எண்ணெய் கையில் ஒட்டியது.

பின்னாளில் மியர்ன்ஸால் போக முடியாத கோடைகளில் தன்னார்வலர்கள் படகில் போய், அதே பாறையைப் படம் எடுத்து அனுப்பினார்கள்.