விவாதத்தை முடிப்பது யார்?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரையைச் சுருக்கி எனக்கு நேரம் விட்ட செயலாளர் அவர்களே, மேடைக்கு அழைத்தும் வராமல் முன்வரிசையிலேயே அமர்ந்துவிட்ட முன்னாள் தலைவர்களே, பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

விவாதத்தை முடிக்கும் விதி எப்படி வந்தது, அது யார் கையில் இருக்க வேண்டும், பேச்சுக்கு நேர வரம்பு எப்படி வைப்பது என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்பார்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1881 ஜனவரி 31, திங்கட்கிழமை. லண்டனில் மக்களவை கூடுகிறது. அயர்லாந்தில் விசாரணையில்லாமல் ஆளைப் பிடித்து அடைக்க ஒரு மசோதா. அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்ட தலைவர் பார்னெலின் கட்சியைச் சேர்ந்த ஐரிஷ் உறுப்பினர்கள் எழுந்தார்கள். பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். இரவு போனது, செவ்வாய் போனது, இன்னொரு இரவும் போனது. வீண் தொந்தரவு என்று சொல்லிவிடலாம். ஆனால் எண்ணிக்கையில் குறைந்தவனுக்கு நாக்கைத் தவிர வேறு என்ன இருக்கிறது? 41 மணி நேரம் ஆனபின், புதன் காலை சபாநாயகர் பிராண்ட் வந்தார். எந்த விதியும் கையில் இல்லை. தன் பொறுப்பிலேயே, போதும் என்று வாக்கெடுப்புக்கு விட்டுவிட்டார்! ஐரிஷ்காரர்கள் ‘உரிமை, உரிமை’ என்று கத்திக்கொண்டே வெளியேறினார்கள். விதி அதற்கப்புறம்தான், 1882-இல் வந்தது. வல்லான் வகுத்ததே வாய்க்கால்!

சரி, அந்த வாய்க்காலுக்குப் பிற்பாடு கரையும் கட்டினார்கள். இன்று அங்கே விவாதத்தை முடிக்கக் குறைந்தது 100 பேர் ஆதரித்து வாக்களிக்க வேண்டும். சிறுபான்மையின் உரிமை கெடும் என்று தோன்றினால் சபாநாயகர் அந்தக் கோரிக்கையையே ஏற்க மறுக்கலாம். அமெரிக்க செனட் விவாதத்தை முடிக்க 1917-இல் மூன்றில் இரண்டு பங்கு வாக்கைக் கேட்டது, 1975-இல் அதை ஐந்தில் மூன்றாகக் குறைத்தது. ஹென்றி ராபர்ட் 1876-இல் வெளியிட்ட கூட்ட நடைமுறைக் கையேடும் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கேட்கிறது.

நம் சங்கங்களில் என்ன நடக்கிறது? யாரோ ஒருவர் ‘ஓட்டுக்கு விடுங்க’ என்று குரல் கொடுத்தால் போதும், பேசிக்கொண்டிருப்பவரின் மைக் அணைந்துவிடுகிறது. இது முறையில்லை. விவாதத்தை முடிக்கலாமா என்பதற்கு முதலில் ஒரு வாக்கெடுப்பு. அதன்மேல் விவாதம் கிடையாது. இருந்தால் அது எப்போது முடிவது? அது மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் நிறைவேறினால்தான் மூலத் தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு.

நேர வரம்பைப் பற்றிப் பேச நேரமில்லை. சங்க விதிகளில் இந்த மூன்றில் இரண்டு பங்கைச் சேர்க்கக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தர வேண்டும்.