தந்தைக்கும் மக்களுக்கும் நடுவே நின்ற புலவர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கோப்பெருஞ்சோழன் என்று சொன்னால் அடுத்த பெயராகப் பிசிராந்தையார் தானாகவே வந்துவிடும். காணாமலே நட்புக் கொண்டவர்கள், ஒன்றாக உயிர் விட்டவர்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பட்டிமன்றங்களில் கேட்டுக் கேட்டுக் காதும் பழகிவிட்டது. அந்தச் சோழன் எதற்காக உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான் என்று கேட்டால் மட்டும் நம் குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது. அவனுக்கும் அவன் பெற்ற மக்கள் இருவருக்கும் பகை முற்றிப் படையெடுப்பு வரை போய்விட்டது. அந்தக் குடும்ப வழக்கைத்தான் இன்று நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நட்பைப் பேசுவதற்கு வேறு மேடைகள் நிறைய இருக்கின்றன.

இந்த வழக்குக்கு நம்மிடம் இருக்கும் நேரடிச் சான்று ஒரே ஒரு பாட்டு. உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சில் கொண்டுவந்த புறநானூற்றில் 213ஆம் பாட்டு. பாடியவர் புல்லாற்றூர் எயிற்றியனார். மொத்தம் 24 அடிகள். பாட்டின் கீழே உள்ள குறிப்பு, சோழன் தன் மக்கள்மேல் படையெடுத்துச் சென்றபோது பாடியது என்கிறது. பாட்டின் உள்ளே பார்த்தால், அவர்கள்தாம் ‘நின்தலை வந்த இருவர்’, அதாவது உன்மேல் வந்தவர்கள். தந்தை சென்றானா, மக்கள் வந்தார்களா? சண்டை போட்ட எந்தக் குடும்பத்தில் விசாரித்தாலும் இந்த இரண்டு வாக்குமூலமும் கிடைக்கும். யார் தொடங்கினார்கள் என்ற கேள்விக்குள் புலவர் காலை வைக்கவே இல்லை. அது அவருடைய முதல் கெட்டிக்காரத்தனம்.

இரண்டாவது கெட்டிக்காரத்தனத்தைக் கவனியுங்கள். பாட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பாருங்கள். ‘உன் மக்கள்’ என்றோ ‘உன் புதல்வர்’ என்றோ ஓரிடத்திலும் இல்லை. ‘இருவர்’ என்கிறார். பிறகு ‘இளையோர்’ என்கிறார். அவ்வளவுதான். ‘ஐயா, அவர்கள் உன் பிள்ளைகள் அல்லவா, உன் இரத்தம் அல்லவா’ என்று ஒரு சாதாரண மத்தியஸ்தர் தொடங்கியிருப்பார். பிள்ளைகள்மேல் கொதித்துக்கொண்டிருக்கும் தந்தையிடம் இப்படிப் பேசினால் என்ன ஆகும்? ‘பிள்ளைகளா? அந்தப் பெயரை என் முன்னால் சொல்லாதே’ என்று வாயை அடைத்துவிடுவான். எயிற்றியனார் அந்தச் சொல்லைத் தொடாமல் பேசுகிறார்: இந்த இருவரும் உன் தொன்றுதொட்ட பகைவர் அல்லர்; நினைத்துப் பார்த்தால் நீயும் அவர்களுக்கு அப்படிப்பட்ட பகைவன் அல்லன். ‘நீயும் மற்றவர்க்கு அனையை அல்லை.’ ஒரே மூச்சில் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிடுகிறார். தந்தைக்கும் அது உறைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்பு வருகிறது. நீ பெரும்புகழ் பெற்று உயர்ந்தோர் உலகம் போன பின்னால், நீ விட்டுச்செல்லும் ஆட்சியுரிமை அவர்களுக்குத்தானே உரியது என்கிறார். ‘ஒழித்த தாயம் அவர்க்குரித் தன்றே.’ அவர்கள் மக்கள் என்பது பாட்டில் வெளிப்படுவது இந்த இடத்தில் மட்டுமே, அதுவும் வாரிசுக் கணக்கின் வழியாக. அடுத்த அடியிலேயே, இதெல்லாம் நீ அறிந்ததுதான் என்று சேர்த்துக்கொள்கிறார். அரசனுக்குப் புத்தி சொல்ல வந்தவர், புத்தி சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல் நகர்ந்துவிடுகிறார்.

பிறகு கணக்கை முடிக்கிறார். அந்த எண்ணமற்ற இளையோர் தோற்றால் உன் பெருஞ்செல்வத்தை யாருக்கு விட்டுச்செல்வாய்? நீ அவர்களிடம் தோற்றால் உன்னை இகழ்கிறவர்கள் மகிழ்வார்கள். பழி ஒன்றுதான் மிஞ்சும். வென்றாலும் நட்டம், தோற்றாலும் நட்டம். ‘எண்ணமற்ற இளையோர்’ என்று போகிற போக்கில் மக்களை ஒரு குட்டுக் குட்டுகிறாரே, அதையும் சும்மா செய்யவில்லை. சமாதானம் பேசப் போகிறவர் தகப்பன் காதில் விழும்படி பிள்ளைகளை ஒரு வார்த்தையாவது திட்டியே ஆகவேண்டும். அந்த ஒரு வார்த்தை கிடைக்காத தகப்பன் அடுத்த வார்த்தையைக் கேட்கவே மாட்டான்.

சோழர் தலைநகரான உறையூரைச் சோழன் நலங்கிள்ளி முற்றுகையிட்டு, அவன் பங்காளி நெடுங்கிள்ளி உள்ளே அடைத்துக்கொண்டிருந்தபோது கோவூர் கிழார் பாடிய 45ஆம் பாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உன்னோடு போரிடுகிறவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் அல்லன். உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. உங்களில் ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்றார் அவர். பங்காளிகளிடம் குடிப்பெருமை எடுபடும். தந்தைக்கும் மகனுக்கும் நடுவில் அது எடுபடாது. குடியின் பெயரைக் காப்பதற்காகவே இந்த மக்களை ஒழிக்கிறேன் என்று தந்தை சொல்லிவிட முடியும். ஆகவே எயிற்றியனார் குடியைப் பேசாமல் வாரிசைப் பேசினார். இரண்டு பாட்டுக்கும் துறை ஒன்றுதான், போருக்கு நிற்பவனிடம் சமாதானம் பேசித் தடுக்கும் துணைவஞ்சி. ஆனாலும் ஆளுக்கேற்ற மருந்து வேறு.

இங்கே கொஞ்சம் கடல் கடந்து போய் வருவோம். அமெரிக்க விடுதலைப் போரில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1776இன் விடுதலை அறிவிப்பில் கையெழுத்திட்டவர். அவருடைய மகன் வில்லியம், பிரிட்டிஷ் மன்னர் நியமித்த நியூ ஜெர்சி ஆளுநர். தந்தை ஒரு பக்கம், மகன் மறுபக்கம். புரட்சிக்காரர்கள் மகனைச் சிறைப்பிடித்தார்கள். அவர் காவலில் இருக்கும்போதே 1777இல் மனைவி இறந்துபோனார். 1778இல் கைதிகள் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார். போர் முடிந்த பின், 1784இல், மகன் உறவைப் புதுப்பிக்க விரும்பிக் கடிதம் எழுதினார். முதுமையில் தன் ஒரே மகன் தன்னைக் கைவிட்டதோடு தனக்கு எதிராக ஆயுதமும் எடுத்ததுபோல வேறெதுவும் தன்னைப் புண்படுத்தியதில்லை என்று தந்தை பதில் எழுதினார். 1785இல் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இருவரும் சந்தித்தார்கள். நிலக்கணக்கையும் கடன்கணக்கையும் தீர்த்துக்கொண்டு பிரிந்தார்கள். பிறகு சந்திக்கவே இல்லை.

1790இல் பிராங்க்ளின் இறந்தார். அவருடைய உயிலில் மகனுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். காரணத்தையும் அவரே எழுதி வைத்தார்: போரில் அவன் எனக்கு எதிராக நடந்துகொண்டது ஊரறிந்தது, என்னிடமிருந்து பறிக்க முயன்ற சொத்தில் அவனுக்கு அதிகம் விடாததற்கு அதுவே காரணம். பாருங்கள், எயிற்றியனார் எந்தத் தாயத்தைக் காட்டிப் போரை நிறுத்த முயன்றாரோ, அதே தாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிராங்க்ளின் போர் முடிந்து ஏழு ஆண்டுகள் கழித்தும் போரிட்டார். மின்னலைப் பிடித்து உலகுக்குக் காட்டிய அறிவாளிதான் அவர். பக்கத்தில் ஒரு எயிற்றியனார் இல்லை, என்ன செய்வது?

சோழனிடம் திரும்புவோம். பாட்டைக் கேட்டபின் அவன் மக்களை வென்றான் என்றோ அவர்களிடம் தோற்றான் என்றோ ஒரு பாட்டும் இல்லை. போர் நின்றது என்றுதான் உரைகாரர்களும் அறிஞர்களும் கொள்கிறார்கள். நானும் அதையே ஏற்கிறேன். ஆனால் உறவு ஒட்டியதா? ஆற்றின் நடுவே, மரத்தின் புள்ளி நிழலில், தசையெல்லாம் வற்ற அவன் வடக்கிருந்த காட்சியை ஒரு புலவர் பாடுகிறார். பொத்தியார் பாடுகிறார், கண்ணகனார் பாடுகிறார், சோழனே தன்னைப் பற்றிப் பாடுகிறான். 214ஆம் பாட்டிலிருந்து 223ஆம் பாட்டு வரை தேடினேன். அந்த மக்கள் இருவரும் எங்கும் இல்லை. தந்தை பட்டினி கிடந்து சாகிற இடத்துக்கு அவர்கள் வந்ததாக ஒரு வரி இல்லை. அவர்கள் பெயர்கூட இல்லை. படையை நிறுத்துவதற்கு ஒரு நல்ல பாட்டுப் போதும் போலிருக்கிறது. மனத்தைச் சேர்ப்பதற்கு எயிற்றியனாரிடமும் சரக்கு இல்லை.

மக்களை நன்றி கெட்டவர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிற வழக்கம் நம் கதைசொல்லிகளுக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஈன்று புறந்தருதல் தாயின் கடன், சான்றோன் ஆக்குதல் தந்தையின் கடன், வேல் வடித்துக் கொடுத்தல் கொல்லனின் கடன் என்று வரிசையாகச் சொல்லி, யானையைக் கொன்று திரும்புவது மகனின் கடன் என்று முடிக்கிற 312ஆம் பாட்டும் இதே நூலில்தான் இருக்கிறது. வேலைக் கையில் கொடுத்து வளர்த்த சமூகம், அந்த வேல் ஒரு நாள் வீட்டுப் பக்கம் திரும்பினால் என்ன செய்வது என்று அந்த வரிசையில் எங்கும் எழுதி வைக்கவில்லை. மக்கள் தரப்பு வாக்குமூலம் பதிவாகவே இல்லாத வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை.

வடக்கிருந்த இடத்தில் நடந்த இரண்டு செய்திகளை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

பிசிராந்தையார் வந்துவிட்டார். ஆண்டு பல ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று அங்கிருந்த சான்றோர் கேட்டார்கள். அதற்கு அவர் சொன்ன பதில்தான் 191ஆம் பாட்டு. ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் எல்லாரும் அதில் வருகிறார்கள். ஆனால் பட்டியலில் முதலில் நிற்பவர்கள் மனைவியும் மக்களும்: ‘மாண்டவென் மனைவியொடு மக்களும் நிரம்பினர்.’ என் மக்கள் அறிவு நிரம்பியவர்கள், அதனால் எனக்கு நரை இல்லை. எந்த இடத்தில் நின்று இதைச் சொல்கிறார்? மக்களோடு போருக்கு நின்ற தந்தையைத் தேடி வந்த இடத்தில். நண்பனைப் புண்படுத்த நினைத்திருக்க மாட்டார். கேட்டார்கள், உண்மையைச் சொன்னார். மேடைகளில் இந்தப் பாட்டை ‘மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி’ என்ற தலைப்பில் பேசிவிடுகிறோம். இடம் தெரிந்து படித்தால் அத்தனை எளிதாகக் கடந்துபோக முடியாது.

இன்னொருவர் பொத்தியார். அவரும் உடன் வடக்கிருக்க வந்தார். சோழன் விடவில்லை. உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், ‘புதல்வன் பிறந்தபின் வா’ என்று திருப்பி அனுப்பினான். தான் பெற்ற மக்கள்மேல் படை கொண்டு போனவன், இன்னொருவனின் பிறவாத பிள்ளைக்காக ஒரு சாவைத் தள்ளிவைக்கிறான். கோபத்தில் பிள்ளைகளை வெறுத்த மனிதன் தந்தைமையை வெறுக்கவில்லை. இதைவிட நெருக்கமாகச் சோழனின் மனத்துக்குள் நம்மைக் கூட்டிப்போகிற இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பொத்தியாருக்கோ அது பொறுக்கவில்லை. பிள்ளை பிறந்ததும் திரும்பி வந்து, நடுகல்லாகிவிட்ட நண்பன் முன் நின்று, ‘அன்பிலாள’ என்று திட்டுகிறார். எனக்கான இடம் எது என்று கேட்கிறார். ‘இசை வெய்யோயே’, புகழை விரும்புகிறவனே என்று விளிக்கிறார். போரை நிறுத்த வந்த எயிற்றியனாரும் அவனை அதே சொல்லால்தான் விளித்தார். கல்லும் இடம் கொடுத்தது, பொத்தியாரும் வடக்கிருந்தார் என்கின்றன 223ஆம் பாட்டும் அதன் குறிப்பும்.

அப்படியானால் அந்தக் கைக்குழந்தை? பிறந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு நண்பனின் கல்லருகே சாகப் போன தந்தையை நட்பின் சிகரம் என்று நாம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் புகழ்கிறோம். சோழன் திருப்பி அனுப்பியது, பிறந்த பிள்ளையைத் தகப்பன் இருந்து வளர்க்க வேண்டும் என்றுதான் என்பது என் கட்சி. பொத்தியார் அதைப் பிறக்கும்வரை பொறுத்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார்; அந்தப் பிள்ளைக்கு அநீதி செய்துவிட்டார். மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் மேடைக்கு வரலாம். ஒலிவாங்கியை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன்.