மூளைக்கு இன்னொரு எரிபொருள்

அனைவருக்கும் வணக்கம். மேடையேறுவதற்குள் ஒரு துண்டுச் சீட்டு கைக்கு வந்துவிட்டது. "மாவுச்சத்தை விட்டுவிட்டால் மறதி நோய் வராதா? ஆம், இல்லை என்று சொன்னால் போதும்." எழுதியவருக்கு அவசரம் போலிருக்கிறது. எனக்கு ஐந்து நிமிடமாவது கொடுங்கள்.

மூளை, உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலிலோ ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். அதனால் குளுக்கோஸை விட்டால் மூளைக்கு வேறு கதியில்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1967-இல் பாஸ்டனில் ஜார்ஜ் காஹிலின் குழு அந்த நினைப்பைக் கலைத்தது. உடல் பருமனுக்காக ஐந்தாறு வாரம் உண்ணாமல் இருந்த மூன்று பேர். மூளைக்குள் போகும் இரத்தத்தையும் அங்கிருந்து திரும்பும் இரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டார்கள். மூளை அப்போது பெரும்பாலும் எரித்துக்கொண்டிருந்தது கீட்டோன்களை! உண்ணாதபோதும் மாவுச்சத்தை மிகவும் குறைக்கும்போதும், கொழுப்பை உடைத்துக் கல்லீரல் ஆக்கி அனுப்பும் எரிபொருள் அது.

மறதி நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு? மறதி நோய்களில் மிகப் பரவலானது அல்சைமர். அந்த நோயாளிக்குப் பெட் ஸ்கேன் எடுத்தால், குளுக்கோஸ் போய்ச் சேரும் இடங்கள் பளிச்சென்று தெரியும். பொட்டுப் பகுதியிலும் அதற்கு மேற்புறத்திலும் மட்டும் ஒளி மங்கிக் கிடக்கும். இரத்தத்தில் சர்க்கரைக்குக் குறைவில்லை. அங்கே வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. கனடாவில் ஸ்டீபன் கன்னேன் குழுவினர் இத்தகைய மூளைகளில் கீட்டோனை அளந்தபோது, அதை வாங்கிக்கொள்ளும் திறன் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த ஒரு செய்தியால்தான்.

ஆனால் கீட்டோன் உள்ளே போவது வேறு, மறந்த பெயர் நாக்குக்குத் திரும்புவது வேறு. 2021-இல் வெளியான நியூசிலாந்துச் சோதனையில் 26 அல்சைமர் நோயாளிகளுக்கு 12 வாரம் கீட்டோ உணவு, அதாவது மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவு, கொடுத்துப் பார்த்தார்கள். அன்றாடக் காரியங்களைச் செய்துகொள்வதிலும் வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. அறிவாற்றல் மதிப்பெண்ணில் உறுதியாகச் சொல்லும்படி எதுவும் இல்லை. 26 பேர், 12 வாரம்! இதை வைத்துக்கொண்டு "மருந்து கண்டாகிவிட்டது" என்று காணொளி போடுகிறார்களே, அவர்களை என்ன சொல்ல? சீட்டில் கேட்ட 'வராதா'வுக்கோ, இந்த உணவு மறதி நோயை வரவிடாது என்று நிறுவிய நீண்டகாலச் சோதனை எதுவும் இல்லை.

நீரிழிவு இல்லாதவர்களிடமும் இரத்தச் சர்க்கரை ஏற ஏற மறதி நோய்க்கான வாய்ப்பு கூடுவதை 2013-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே இனிப்பையும் தீட்டிய தானியத்தையும் குறையுங்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மாவுச்சத்தை அடியோடு நிறுத்தச் சொல்லத்தான் தயங்குகிறேன். இன்சுலின் போட்டுக்கொள்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் அப்படிச் செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். மறதி நோயாளிகளிலோ பலர் ஏற்கெனவே எடை இழந்துகொண்டு வருபவர்கள். சாப்பிட்டோமா இல்லையா என்பதையே மறப்பவரின் தட்டிலிருந்து பாதியை எடுக்கிறீர்கள் என்றால், ஈடாக எதை வைக்கப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.