மேலதிகாரி தப்பு பண்றார், சொல்லலாமா வேண்டாமா? | டர்பன்ல இருந்து பேசுறேன்

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஊர் சுத்திக் காட்டுற வீடியோ இல்ல. ஒரு தம்பி எனக்குத் தனியா ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். பதில் எழுத உக்காந்தேன், நீண்டுக்கிட்டே போச்சு. அவர் ஒருத்தருக்கு மட்டும் உள்ள கேள்வியும் இல்ல இது. பேர், இடம் எல்லாத்தையும் எடுத்துட்டு வீடியோவுல பேசட்டுமான்னு கேட்டேன், பேசுங்கக்கான்னு சொல்லிட்டார்.

தம்பி தென்னாப்பிரிக்க ராணுவத்துல இருக்கார். நம்ம தமிழ்ப் பையன். அவருக்கு மேல ஒரு வாரன்ட் ஆபீசர், கல்யாணம் ஆனவர், பேரன் பேத்தி எடுக்கிற வயசு. புதுசா சேந்த ஒரு பொண்ணோட பழகுறார். சாயங்காலம் தன் வண்டியில கூட்டிட்டுப் போறார். நைட் கார்ட் லிஸ்ட்ல, அதாவது ராத்திரிக் காவல் பட்டியல்ல, அந்தப் பொண்ணு பேர் மட்டும் வர்றதே இல்ல, அந்த டியூட்டி எல்லாம் மத்தவங்க தலையில விழுது. யூனிட்ல எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயத் திறக்கிறதில்ல. தம்பி கேக்கிறது இதுதான்: "அது அவரோட சொந்த விஷயம்தானே அக்கா? நான் ஏன் தலையிடணும்? ஆனா பாத்துக்கிட்டு சும்மா இருக்கவும் முடியலையே."

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பழக்கம். நானும் சீருடை போட்டவதான். கடற்படையில ஆபீஸ் வேலை. லீவு பாரம், மாறுதல், புகார் மனு எல்லாமே என் மேசையத் தாண்டித்தான் மேல போகும். நம்ம ஆளுங்களுக்குக் கடற்படை ஒன்னும் புதுசில்ல. 1970கள்ல டர்பன் துறைமுகத்துல, சாலிஸ்பரி தீவுல, இந்திய வம்சாவளிப் பசங்களுக்குன்னே தனியா ஒரு பயிற்சி மையம் வச்சாங்க, எஸ்ஏஎஸ் ஜல்சேனான்னு பேர். டர்பன்ல நம்ம ஆளுங்க இருக்கிற சாட்ஸ்வொர்த்துல, மெரிபேங்க்ல எத்தனையோ வீட்டு மாமாங்க அங்க போயிருக்காங்க. அது நிறவெறிக் காலம். மேல இருக்கிறவன் எது சொன்னாலும் தலையக் குனிஞ்சுக்கோ, சம்பளம் வந்தா போதும், இதத்தான் அவங்க வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. அவங்களக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, அன்னைக்கு அவங்க எங்க போய் முறையிட முடியும்? ஆனா அதே பேச்ச இன்னைக்கு நம்ம பிள்ளைங்ககிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கோம் பாருங்க, அத என்னால ஏத்துக்க முடியல.

சரி, அது அவரோட சொந்த விஷயமா? என் மனசுல இதுக்கு ஒரே ஒரு அளவுதான் இருக்கு. அவர் தோள்ல இருக்கிற பதவிப் பட்டை அந்த விஷயத்துக்குள்ள வருதா, வரலையா?

அவர் குடிக்கிறார், வீட்ல சண்டை, வெளியில யாரோடயோ தொடர்பு, அந்த அம்மாவுக்கும் ராணுவத்துக்கும் சம்பந்தமே இல்ல. இதெல்லாம் பாக்க நல்லா இல்லதான், ஆனா அது அவர் குடும்பம். தம்பி, அதுல நீங்க கை வைக்காதீங்க. அவர் சம்சாரத்துக்குப் போன் போட்டுச் சொல்ற வேலையும் வேண்டாம். நியாயம் கேக்கப் போறேன்னு கிளம்பி ஒரு குடும்பத்துக்கு நடுவுல மாட்டிக்குவீங்க. சம்சாரத்த அடிக்கிறார்னா அது வேற. அது குற்றம், நேரா போலீஸ்.

ஆனா இந்தப் பொண்ணு விஷயம் அப்படி இல்ல. ஏன்னு சொல்றேன், இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. இந்தப் பொண்ணு எம்எஸ்டிஎஸ் வழியா வந்தவ. தமிழ்நாட்ல இருந்து பாக்கிறவங்களுக்காகச் சொல்றேன்: இங்க இளைஞர்களை ராணுவத்துல எடுக்கிற வழி அது. ரெண்டு வருஷ ஒப்பந்தம். முடிஞ்சதும் எல்லாரையும் நிரந்தரமா வச்சுக்க மாட்டாங்க, கொஞ்சம் பேரத்தான் எடுப்பாங்க, மத்தவங்க வீட்டுக்கு. நம்ம ஊர்ல வேலை கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். அந்தப் பொண்ணு சம்பளத்துல ஒரு வீடே சாப்பிட்டுக்கிட்டு இருக்கலாம். அவளப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதணும்னா யார் எழுதணும்? இவர் மாதிரி ஆளுங்கதான். அப்போ இவர் சாயங்காலம் "வண்டியில ஏறு"ன்னு சொல்லும்போது, அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே ஏறினாலும், அவ மனசாரத்தான் ஏறினான்னு நீங்களோ நானோ எப்படிச் சொல்ல முடியும்? மாட்டேன்னு சொல்ற இடத்துல அவ இல்லையே.

ஐநா இதத் தெளிவா எழுதியே வச்சிருக்கு. 2003ல பொதுச்செயலாளர் போட்ட விதியில, உதவி வாங்கிற நிலைமையில இருக்கிற ஜனங்களோட ஐநா ஆளுங்க உறவு வச்சுக்க வேண்டாம்னு அழுத்தமாச் சொல்றாங்க, ரெண்டு பேர் பலமும் சமமில்லைங்கிறதுதான் காரணம். சக ஊழியர் மேல சந்தேகம் வந்தா சொல்லியே ஆகணும்னும் அதுலயே இருக்கு. 2023 அக்டோபர்ல காங்கோவுல, பெனி பக்கத்துல ஐநா அமைதிப்படையில இருந்த நம்ம சிப்பாய்கள் சிலர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டுல பணியிடை நீக்கம் செய்யப்பட்ட செய்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளிநாட்டுல நடந்தா உலகமே பேசுது. அதே பலம், அதே பலவீனம் நம்ம முகாமுக்குள்ள இருந்தா மட்டும் அது எப்படிச் சொந்த விஷயம் ஆகும்?

அதுக்காக நாளைக்குக் காலையில போய்ப் புகார் எழுதிடுங்கன்னு நான் சொல்லல. முதல்ல அந்தப் பொண்ணு. தம்பி எழுதினது முழுக்க அவர், அவர், அவர். அந்தப் பொண்ணு என்ன நினைக்கிறான்னு ஒரு வரி இல்ல. யாரும் கேக்கல போல இருக்கு. எல்லாரும் அவளப் பத்திப் பேசுறாங்க, அவகிட்ட யாரும் பேசல. நான் பாத்த எத்தனையோ புகார் மனு இப்படித்தான் இருக்கும். பாதிக்கப்பட்டவளோட பேர் பத்து இடத்துல இருக்கும், அவ சொன்ன ஒரு வார்த்தை இருக்காது. விசாரணைன்னு கூப்பிடும்போதுதான் அவளுக்கே விஷயம் தெரியும். பயந்துபோய் "ஒன்னும் இல்ல சார்"னுடுவா. அதோட ஃபைல மூடிடுவாங்க, புகார் குடுத்தவன் பொய்யன் ஆயிடுவான்.

அதனால நம்பிக்கையான ஒரு பெண் கார்ப்பரல், சார்ஜென்ட் யாராவது இருந்தா அவங்க வழியா அவகிட்ட பேசுங்க. முகாமுக்குள்ள வேண்டாம், வாட்ஸ்அப்ல வேண்டவே வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எங்கெங்க போகும்னு தெரியாது. துருவித் துருவிக் கேக்க வேண்டாம். "தங்கச்சி, நீ நல்லா இருக்கியா? ஏதாவது உதவி வேணுமா?" அவ்வளவுதான். அவ உடனே பதில் சொல்லலைன்னாலும், கேக்க ஒரு ஆள் இருக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும்.

அவ பயந்துபோய் இருந்தா, கட்டாயப்படுத்தினார்னு சொன்னா, அது யூனிட் சமாச்சாரமே இல்ல. இத எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க. நம்ம நாட்டுக்குள்ள நடந்த பாலியல் வன்புணர்வ ராணுவ நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது. கொலை மாதிரியே அதுவும் ராணுவத்துக்கு வெளிய இருக்கிற சாதாரண நீதிமன்றத்துக்குத்தான் போகணும், 1999ஆம் வருஷத்து ராணுவ ஒழுங்குச் சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. "நாம உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்"னு கமாண்டர் சொன்னா, முடிக்கிற அதிகாரம் அவருக்கு இல்ல. டர்பன் பக்கம்னா சாட்ஸ்வொர்த்துல ஆர்கே கான் ஆஸ்பத்திரி, பீனிக்ஸ்ல மகாத்மா காந்தி ஆஸ்பத்திரி, ரெண்டுலயும் துதுசேலா மையம் இருக்கு. டாக்டர், போலீஸ் வாக்குமூலம், ஆறுதல் சொல்ற ஆள் எல்லாம் ஒரே இடத்துல. இல்லன்னா 0800 428 428, இந்த மாதிரி வன்முறைக்கு உதவி கேக்கிற இலவச நம்பர், ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம். ஆனா போறதும் போகாததும் அவ முடிவு. நீங்க கூடப் போய் வெளியில உக்காந்திருக்கலாம், அதுக்கு மேல வேண்டாம். பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைன்னா மட்டும் கதை மாறும். அங்க தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும், 2007ஆம் வருஷத்துச் சட்டம் அது.

"எனக்கு ஒன்னும் இல்ல, நான் விரும்பித்தான் பழகுறேன், நீங்க உங்க வேலையப் பாருங்க"ன்னு அவ சொன்னா? அப்பவும் தம்பிகிட்ட ஒன்னு மிச்சம் இருக்கு, அது அவரோட சொந்தப் பிரச்சினை. நைட் கார்ட். அவ பேர எடுத்த இடத்துல யார் பேர் ஏறுச்சு? தம்பி பேரும், தம்பியோட நண்பர்கள் பேரும். டியூட்டி நியாயமாப் பிரிக்கலைன்னு ஒரு சிப்பாய் எழுத்துல குறை சொல்றதுக்கு உரிமை இருக்கு, அதுக்குன்னே யூனிட்ல குறைதீர்க்கும் முறை இருக்கு. அதுல அந்தப் பொண்ணு பேரும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். இந்தத் தேதி, இந்தத் தேதி, நான் நின்னேன், முறை தப்பா இருக்கு. கோழைத்தனம்னு சிலர் சொல்லுவாங்க. நான் அப்படி நினைக்கல. நீங்க கண்ணால பாத்தத, உங்களுக்கு நடந்தத மட்டும் சொல்றீங்க, அதுக்கு இருக்கிற பலம் வதந்திக்கு வராது.

எழுதுறதுன்னா கையால, உங்க வீட்டு நோட்டுல. தேதி, நேரம், யார் இருந்தாங்க, என்ன பாத்தீங்க. "எல்லாருக்கும் தெரியும்"னு எழுதாதீங்க. ரோஸ்டரப் போன்ல படம் எடுத்து வெளியில அனுப்பாதீங்க, ராணுவக் காகிதம் அது, கேஸ் உங்க மேலயே திரும்பும்.

எங்க குடுக்கிறது? நம்ம வீட்ல எந்தப் பிரச்சினைன்னாலும் மாமா ஒருத்தர் "சிசிஎம்ஏ போடா"ன்னு சொல்லுவார், வேலையிடத் தகராறத் தீக்கிற ஆணையம் அது. அந்தக் கதவு சிப்பாய்க்குத் திறக்காது, தொழிலாளர் உறவுச் சட்டத்துல இருந்து ராணுவத்த விலக்கி வச்சிருக்காங்க. யூனியன் வச்சுக்கலாம், 1999ல அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிருச்சு, அதுல இருந்தீங்கன்னா முதல்ல அவங்ககிட்ட பேசுங்க. சென்சூரியன்ல ராணுவ ஆம்பட்ஸ்மன், அதாவது புகார விசாரிக்கிற அதிகாரி, அவரோட ஆபீஸ் இருக்கு, 2012ஆம் வருஷத்துச் சட்டத்துல வந்தது, காசு கட்ட வேண்டாம். ஆனா அவங்க பாக்கிறது பணி நிலைமை பத்தின புகார். நைட் கார்ட் விஷயம் அவங்க எல்லைக்குள்ள வரும், வாரன்ட் ஆபீசரோட ஒழுக்கம்னு மொட்டையா எழுதினா வராது. அதோட, உள்ளுக்குள்ள குறை எழுதிக் குடுத்தீங்களான்னுதான் முதல்ல கேப்பாங்க. அதனாலதான் அந்த நோட்டு.

தகவல் சொல்றவங்களுக்குப் பாதுகாப்பு குடுக்கிற சட்டம் ஒன்னும் இருக்கு, 2000ஆம் வருஷத்துது. 2017ல திருத்தி, புகார் வாங்கினவங்க 21 நாளுக்குள்ள என்ன பண்ணப் போறோம்னு பதில் குடுக்கணும்னு சேத்தாங்க. தெரிஞ்சே பொய் சொன்னா குற்றம்னும் சேத்தாங்க. ஒரு வக்கீல்கிட்ட ஆலோசனை கேக்கிறதுக்கும் அதுல பாதுகாப்பு இருக்கு. அதனால முதல் படி ஒரு வக்கீல், கையில காசில்லைன்னா லீகல் எய்ட்.

இப்போ பயம். தம்பியோட அம்மா சொன்னாங்களாம், "பபிதாவுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தியா?" அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? பபிதா தேவகரன். கௌடெங் சுகாதாரத் துறையில நடந்த பணக் கொள்ளையக் கண்டுபிடிச்சுச் சொன்னவங்க. 2021 ஆகஸ்ட் 23, பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வந்தவங்கள வீட்டு வாசல்லயே சுட்டாங்க. அந்தப் பேரச் சொன்னாலே இன்னமும் எனக்குத் தொண்டை அடைக்குது. தம்பி அம்மாவோட பயம் நியாயமான பயம். ஒன்னும் ஆகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். சின்ன அளவுலயாவது ஏதாவது ஆகும். பேச்சுத் துணை போகும், இம்பிம்பின்னு, காட்டிக் குடுக்கிறவன்னு, பேர் வைப்பாங்க, மாறுதல் தள்ளிப் போகும். இத எல்லாம் தம்பி இப்பவே மனசுல போட்டுப் பாக்கணும். அம்மாவும் அப்பாவும் உக்காந்து கேக்கணும். இத ஒரு ஆள் தனியாத் தூக்கக் கூடாது. கூட நைட் கார்ட் நின்ன ரெண்டு பேர் சேந்து கையெழுத்துப் போட்டா, "இவனுக்குத்தான் என் மேல கோபம்"னு அவர் தட்டிவிடவும் முடியாது.

தம்பி கடைசியா ஒன்னு கேட்டிருந்தார். அந்த வாரன்ட் ஆபீசர் போன வருஷம் தம்பியோட கோர்ஸ நிறுத்தினாராம், "அதனாலதான் நான் இத யோசிக்கிறேனோ அக்கா?" இருக்கலாம் தம்பி. உங்களுக்குக் கோபம் இருக்கலாம். கோபம் இருக்கிறதால நீங்க பாத்தது பொய்யாயிடாது. ஆனா எழுதி முடிச்ச அப்புறம், கோபத்துல வந்த வரி எது, கண்ணால பாத்த வரி எதுன்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க. முன்னத அடிச்சிட்டுப் பின்னத வச்சுக்கோங்க.

அப்போ இந்த வாரம் தம்பி செய்ய வேண்டியது, நான் சொன்ன மாதிரி நம்பிக்கையான ஒரு பெண் சார்ஜென்ட்கிட்ட பேசுறது. புகார் அதுக்கப்புறம். வக்கீல்கிட்ட என்ன கேக்கணும்னு நான் அவருக்குத் தனியா எழுதி அனுப்புறேன். நீங்க கமென்ட் போடும்போது தயவு செஞ்சு யூனிட் பேர், கப்பல் பேர், ஆள் பேர் எதுவும் போடாதீங்க, பாத்தா அழிச்சிடுவேன். இதே மாதிரி நிலைமையில இருக்கிற பொண்ணுங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, எனக்குத் தனியா எழுதுங்க. நானே படிச்சு நானே பதில் போடுறேன். வணக்கம்.